உப்பளத்திலிருந்து பொதிகைக்கு

ஆற்றைப் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாக மலையில்தான் ஆரம்பிக்கிறார்கள். அருவியில் குளித்து, அணைக்கட்டைப் பார்த்து, கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்த ஆறு கடைசியில் எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று விசாரிக்க அதற்கப்புறம் யாருக்குத் தெம்பு இருக்கிறது?

நேயர்களுக்கு நான் இப்போது சிபாரிசு செய்ய வந்திருப்பது இதற்கு நேர்மாறான பிரயாணம். விடியற்காலையில் கடலோரத்து உப்பளத்தில் புறப்பட வேண்டியது; தாமிரபரணியின் கரையோடு, தண்ணீர் வருகிற திசையை எதிர்த்துக்கொண்டு போக வேண்டியது; பிற்பகலில் பொதிகைக் காட்டுக்குள் இருக்கலாம். எல்லாமாகச் சேர்ந்து 115 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் வரும். டூரிஸ்ட் பஸ் வேண்டியதில்லை, வழிகாட்டியும் வேண்டியதில்லை. சொந்தக் காரோ வாடகைக் காரோ ஒன்று இருந்தால் போதும். வழியை ஆறே காட்டிவிடும்.

புறப்படும் இடம் சாகுபுரம். தூத்துக்குடிக்குத் தெற்கே, ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது. ‘புரம்’ என்று முடிகிறதே, ஏதாவது பாண்டியன் காலத்து ஊரோ என்று எண்ணிவிட வேண்டாம். 1950-களின் கடைசியில் தாரங்கதாரா கெமிக்கல் கம்பெனி இங்கே காஸ்டிக் சோடாத் தொழிற்சாலை வைத்தது. தொழிற்சாலையோடு குடியிருப்பு வந்தது. முதலாளிகளான சாஹு குடும்பத்தாரின் பெயர் ஊருக்குப் பெயராகிவிட்டது. குஜராத்தில் பிறந்த கம்பெனிக்கு இந்தத் தேரிக்காட்டுப் பக்கம் என்ன வேலை என்று கேட்டால், ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: உப்பு. காஸ்டிக் சோடாவுக்கு உப்புதான் மூலப்பொருள். நாம் துணி துவைக்கும் சோப்பு, எழுதும் காகிதம் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தச் சரக்கு உண்டு.

என் சித்தி சாகுபுரத்துக்குக் கல்யாணமாகி வந்து முப்பது வருஷம் ஆகிறது. இந்த முப்பது வருஷத்தில் மதுரை பார்த்திருக்கிறாள், காசி பார்த்திருக்கிறாள், பேரன் பிறந்தபோது பெங்களூரும் பார்த்துவிட்டாள். பாபநாசம் மட்டும் பார்த்ததில்லை. “பக்கத்துலதான இருக்கு, எப்ப வேணும்னாலும் போய்க்கிடலாம்னு இருந்துட்டேன்” என்றாள். பக்கத்தில் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் இந்தக் கதிதான். ஆகவே, மாசி மாதத்தில் ஒரு நாள், வண்டியை நான் ஓட்ட, முன் ஸீட்டில் சித்தி உட்கார, காலை 5 மணிக்குக் கிளம்பினோம். அவள் மடியில் ஒரு தூக்குச் சட்டி நிறையப் புளியோதரை. காலடியில் ஒரு பித்தளைச் செம்பு. முந்தானையில் உப்பும் மிளகும் முடிந்திருந்தாள். சொரிமுத்தையனாருக்கு நேர்த்திக்கடனாம்.

அந்த நேரத்தில் உப்பளத்தில் வேலை ஆரம்பித்துவிடுகிறது. வெயில் ஏறிவிட்டால் வெள்ளை உப்பின் மேல் பட்டுத் திரும்புகிற ஒளியில் கண் கூசிப் போகும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, தலையில் துணி சுற்றிக்கொண்டு, பெண்கள் பாத்தி பாத்தியாக நிற்கிறார்கள். வாரிய உப்பைத் தலையில் சுமந்து கொண்டுபோய்க் குவிக்கிறார்கள். குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவுக்கு உப்புப் போடுவது இந்தத் தூத்துக்குடிக் கரைதான். மழைக் காலத்தில் உப்பு இல்லை. உப்பு இல்லாத மாதங்களில் இவர்களுக்குக் கூலியும் இல்லை. சாம்பாருக்கு உப்புப் போடும்போது இதையெல்லாம் நாம் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும் என்று உபதேசம் செய்யவும் நான் வரவில்லை. ஆனால் விடியற்காலை வெளிச்சத்தில் அந்த உப்பு அம்பாரங்களை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு மறக்காது.

உப்பை மட்டுமா விற்றது இந்தக் கரை? முத்துக்குளித்துறை என்றே இதற்குப் பெயர். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கொற்கையைக் கிரேக்க ஆசிரியர்கள் ‘கொல்கோய்’ என்று எழுதி வைத்தார்கள். பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாக இருந்த அந்தக் கொற்கைக்கு இன்றைக்குப் போனால், வாழைத் தோட்டமும் வயலும்தான் இருக்கின்றன, கடலைக் காணோம்! மலையிலிருந்து ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் பின்வாங்கிப் போய்விட்டது. அப்புறம் காயல் துறைமுகமாயிற்று. மார்க்கோ போலோ வந்து பார்த்தது அதைத்தான். அதுவும் தூர்ந்து போய், கடைசியில் தூத்துக்குடிக்கு யோகம் அடித்தது. முத்துக் குளிப்பும் 1961-ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டது. 1973-ல் தூத்துக்குடி ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் படகு படகாகப் போய் மூழ்கிச் சிப்பி எடுத்த அந்தத் திருவிழாக் கூட்டம் திரும்பி வரவில்லை.

மலை மண் கடலுக்கு இறங்கிய வழியாகத்தான் கடல் உப்பு மலையடிவாரத்துக்கு ஏறியிருக்கிறது. வண்டியில் உப்பேற்றிக்கொண்டு குடும்பத்தோடு உள்நாட்டுக்குப் போன உமணர்களைப் பற்றிச் சங்கப் பாட்டுகளில் படித்திருப்பீர்கள். அவர்களுடைய வண்டியில் மாடு இழுத்தது. நம் வண்டியில் பெட்ரோல் இழுக்கிறது.

சாகுபுரத்தை விட்டால் ஆறுமுகநேரி, குரும்பூர். சற்று வடக்கே ஒதுங்கி ஆத்தூரையும் பார்த்துவிட்டு வரலாம். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். கொடிக்கால்களுக்கு நடுவே நடந்தால் அந்தக் காரமான வாசனையே பாதி தாம்பூலம் போட்ட மாதிரி இருக்கிறது. குரும்பூர் தாண்டியதும் உப்புக் காற்று நின்று, இரண்டு பக்கமும் வாழை. சித்தி காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு, “ஏட்டி, அரை மணி நேரந்தான் ஆச்சு. ஊரே மாறிப்போச்சே!” என்றாள்.

பச்சையாகச் சிரிக்கும் இந்த வட்டாரம் 2023 டிசம்பரில் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 17-ஆம் தேதி தொடங்கிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் கொட்டியது. வருஷம் முழுவதும் பெய்யக்கூடிய மழையைவிட அது அதிகம். ஆறும் குளங்களும் உடைப்பெடுத்துச் சாலை எது, வயல் எது என்று தெரியாமல் போயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. அதற்கு மேல் தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. கம்பிகள் அந்தரத்தில் தொங்கின. வண்டியில் சுமார் 800 பிரயாணிகள். கைக்குழந்தைக்காரிகள், வயசானவர்கள், சபரிமலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊரார், தங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்திருந்த நேரத்தில், இருந்த அரிசியையும் பருப்பையும் சேர்த்து ஊர்க் கோவிலில் சமைத்து அவர்களுக்குப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் எல்லாரையும் மீட்க முடிந்தது. அந்த ஸ்டேஷன் நம் சாலை ஓரத்தில்தான் இருக்கிறது. வண்டியைச் சற்று நிறுத்திப் பாருங்கள்; சாதாரணமான, தூங்கி வழிகிற ஸ்டேஷன்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றின் குறுக்கே இருப்பது எட்டாவது அணைக்கட்டு, அதாவது கடைசி அணை. தாமிரபரணிக்கு எட்டு அணைக்கட்டுகள். ஏழை நம் அரசர்கள் காலத்தில் கட்டினார்கள். எட்டாவதை வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டினார்கள். நாம் எதிர்த்திசையில் போவதால் எட்டு, ஏழு, ஆறு என்று தலைகீழாக எண்ணிக்கொண்டு போகலாம். பிள்ளைகள் கூட வந்தால் நல்ல விளையாட்டு. இந்த எட்டாவது அணையிலிருந்து வயலுக்கும் தண்ணீர் போகிறது, ஊர்களின் குடிநீருக்கும் போகிறது, தூத்துக்குடி வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கென்று நாளொன்றுக்கு இரண்டு கோடி காலன் எடுக்கும் திட்டம் ஒன்றும் போட்டார்கள். வயலுக்கு முதலிடமா, ஆலைக்கு முதலிடமா என்ற வாக்குவாதம் கோர்ட்டு வரைக்கும் போனதுண்டு. சித்தி அணையின் மேல் நின்று, மணல் திட்டும் அமலைச் செடியுமாகக் கிடந்த ஆற்றை வெகு நேரம் பார்த்தாள். குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் வரும் நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிறவள் அவள்.

கோவில் பக்தி உள்ளவர்களுக்கு இந்த இருபது கிலோமீட்டரே போதும்: தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் எல்லாம் நவதிருப்பதிகள். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த புளிய மரத்தைத் தரிசிக்காமல் போகாதீர்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். ஆகையால்தான் விடியற்காலையில் புறப்படச் சொன்னேன்.

கொஞ்சம் மேலே போனால் சாலை ஓரத்திலேயே ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. 1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டினார். 1899-லிருந்து அலெக்ஸாண்டர் ரீ தோண்டினார். இறந்தவர்களைத் தாழிக்குள் வைத்துப் புதைத்த இடம். தங்க நெற்றிப் பட்டங்களும் வெண்கலப் பாத்திரங்களும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன. 2023-ல் குழிகளின் மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். நம் காலுக்குக் கீழே தாழிகள் தெரிகின்றன. சித்தி செருப்பைக் கழற்றிவிட்டாள். “நம்ம பாட்டன் பூட்டன்தான இவங்களும்?” என்றாள். எந்தப் புத்தகமும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

பாளையங்கோட்டையில் காப்பி சாப்பிட்டுவிட்டு, திருநெல்வேலிக்குப் போகும் பெரிய பாலத்தை ஒரு பார்வை பாருங்கள். 1843-ல் கலெக்டர் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது. அவருடைய மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தாள் என்று ஊரில் சொல்லுகிறார்கள். பாலத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. அந்த அம்மாளின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? அதே ஆற்றங்கரையில்தான் 1999 ஜூலை 23-ஆம் தேதி, கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் வந்த மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூட்டத்தின் மேல் போலீஸ் தடியடி நடந்து, 17 பேர் ஆற்றில் மாண்டார்கள். கைக்குழந்தை ஒன்றும் அதில் போயிற்று. அல்வாக் கடைகளுக்குப் போகிற அவசரத்தில் இந்த இடத்தை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அல்வாவைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது வாங்கினால் மலைக்குப் போய்ச் சேராது.

மேலப்பாளையம் வழியாக அம்பாசமுத்திரம் சாலையைப் பிடித்தால், முன்னீர்பள்ளம், கோபாலசமுத்திரம், மேலச்செவல் என்று நெல் வயல்களுக்கு நடுவே போகலாம். அடுத்தது பத்தமடை. சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர். ஆனால் பெண்களுக்குப் பத்தமடை என்றாலே பாய்தான். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப் போட்டு, மயிரிழையாகக் கிழித்து நெய்கிறார்கள். பட்டுப்போல் மடிகிற பாய் வேண்டுமானால் நெசவுக்கு மாதக்கணக்கில் ஆகும். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரையும் நெய்து தருகிறார்கள். விலையைக் கேட்டுச் சித்தி முகம் சுளித்தாள். தறிக்கு முன்னால் குந்தியிருந்த அம்மாளின் விரல்களைப் பார்த்த பிறகு பேரமே பேசாமல் ஒரு சின்னப் பாய் வாங்கினாள். பேரம் பேசாமல் சித்தி சாமான் வாங்கியதை நான் பார்ப்பது இதுவே முதல் தடவை.

சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை வாங்கிப் பின் ஸீட்டில் வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருக்கிற கன்னடியன் அணைக்கும் கால்வாய்க்கும் அழகான கதை ஒன்று உண்டு. எங்கிருந்தோ வந்த ஒரு கன்னடத்துப் பிள்ளை, தனக்குக் கிடைத்த பொன்னை என்ன தர்மம் செய்வது என்று அகஸ்தியரைக் கேட்டானாம். ஒரு பசுவைப் பின்தொடரச் சொன்னாராம் முனிவர். பசு நடந்த வழி வாய்க்கால் ஆயிற்று. படுத்த இடமெல்லாம் குளமாயிற்று. கதை நிஜமோ பொய்யோ, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது.

அம்பாசமுத்திரத்துக்குள் நுழையும் பாலத்தில்தான் முதல் தடவையாக மலை முழுவதும் எதிரே எழுந்து நிற்கிறது. இது வரைக்கும் மேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தது மலை என்று தெரிகிறபோது வண்டி தானாகவே மெதுவாகிவிடும். அகஸ்தியமலைச் சிகரம் 1,800 மீட்டருக்கு மேல். கீழே ஆறு, மணல் இல்லாமல், பாறை மேல் சலசலத்துக்கொண்டு ஓடுகிறது. காலையில் ஸ்ரீவைகுண்டத்தில் பார்த்த அதே ஆறுதான் என்று நம்புவது சிரமம். விக்கிரமசிங்கபுரத்தில் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் காட்டில் கிடைக்காது.

பாபநாசத்தில் ஆற்றின் வேகத்தைப் பார்த்துத்தான் 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை வைத்தார்கள். அவர்களுடைய இன்னொரு ஆலைதான் தூத்துக்குடிக் கோரல் மில்; 1908-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை வேலைநிறுத்தம் நடத்தினாரே, அதே மில். ஆக, மலை முனையில் ஒரு மில், கடல் முனையில் ஒரு மில், நடுவே இந்த ஆறு! 1944-லிருந்து இங்கே மின்சாரமும் எடுக்கிறார்கள். அருவி நீர் குழாய்க்குள் இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் மறுபடி ஆற்றோடு சேர்ந்துகொள்கிறது.

பாபநாசநாதர் கோவில் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போடலாம். சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம்: பரிகாரம் என்று சொல்லி, உடுத்தி வந்த துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்களே, அதைச் செய்யாதீர்கள். பாறை இடுக்கில் சிக்கி மக்கிய சேலைகளையும் வேஷ்டிகளையும் டன் கணக்கில் வாரி எடுத்திருக்கிறார்கள். நம் பாவம் அங்கே தொலைகிறதோ இல்லையோ, கீழே ஒரு குழாயடியில் யாரோ குடம் வைத்துக் காத்திருக்கிறாள்.

அகஸ்தியர் அருவியில் வருஷம் முழுவதும் தண்ணீர் விழும். குற்றாலம் போல் சீஸனுக்குக் காத்திருக்க வேண்டாம். அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம். சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தி வந்த வ. வே. சு. ஐயர், 1925 ஜூனில் குடும்பத்தோடு இங்கே வந்தார். மகள் சுபத்திரை தண்ணீரில் விழ, அவளைக் காப்பாற்றக் குதித்தார், இருவரும் மீளவில்லை. லண்டன் போலீஸாரின் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பி வந்த மனிதரை இந்தச் சிறு மடு கொண்டு போய்விட்டது. பார்வைக்குச் சாதுவாக இருக்கும் தண்ணீர். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

மேலே போக வனத் துறைச் சாவடியில் வண்டியை நிறுத்தி அனுமதி வாங்க வேண்டும். களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இங்கிருந்து ஆரம்பம். பிளாஸ்டிக் பை, பாட்டில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். எது வரைக்கும் வண்டியை விடுவார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறும். ஆடி அமாவாசைத் திருவிழாச் சமயத்தில் சொந்த வண்டிக்குக் கட்டுப்பாடு அதிகம். முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் புலி தரிசனம் கொடுக்கவில்லை. சிங்கவால் குரங்கும் கொடுக்கவில்லை. சாதாரணக் குரங்குகள் மட்டும் தூக்குச் சட்டியின் மேல் கண்ணாக இருந்தன.

சொரிமுத்தையனார் கோவில் ஆற்றை ஒட்டியே இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன்தார் ஆடி அமாவாசையன்று ராஜ உடையில் கொலுவிருப்பார். முடிசூடிய கடைசி ஜமீன்தார் 2020-ல் காலமானார். அந்த ஜமீன் காட்டில் 8,373 ஏக்கரைத்தான் 1929-ல் ஒரு கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் போட்டது. குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல், தோட்டத்தை மூடித் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்ப ஏற்பாடாயிற்று. காடு மறுபடி காடாவது நல்லதுதான். ஆற்றுக்கு அது மிகவும் நல்லது. ஆனால் நாலு தலைமுறையாக அங்கேயே பிறந்து, கொழுந்து கிள்ளிய பெண்கள் கீழே இறங்கி வந்து எந்த ஊரைத் தங்கள் ஊர் என்று சொல்லிக்கொள்வார்கள்? இரண்டு நியாயமும் நியாயமாகவே படுகிறது எனக்கு.

சித்தி முடிச்சை அவிழ்த்து உப்பையும் மிளகையும் காணிக்கை செலுத்தினாள். பிறகு காரையாறு அணைக்குப் போனோம். ‘பாபநாசம் 143 அடி’ என்று பத்திரிகையில் தினமும் நீர்மட்டம் போடுகிறார்களே, அந்த அணைதான். மூன்று பக்கமும் காடு. தண்ணீர் மைப் பச்சை. புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, மாலை வெயில் சாய்வதற்குள் சாவடிக்குத் திரும்பிவிட்டோம். இருட்டினால் யானைக்குத்தான் அங்கே சாலை.

சாவடிக் காவலர் வண்டியைச் சோதித்தார். சித்தியின் காலடியில் மூடி போட்டிருந்த பித்தளைச் செம்பைக் காட்டி, “இது என்னம்மா?” என்றார்.

“ஆத்துத் தண்ணி, அண்ணாச்சி. ஊருக்குக் கொண்டுபோறேன்.”

“எந்த ஊரு?”

“ஆறுமுகநேரிப் பக்கம்.”

காவலர் சிரித்தார். “இந்தத் தண்ணிதான் தன்னால அங்க வந்துக்கிட்டிருக்கே! இதுக்கு எதுக்கு செம்பு?”

“வருது, வருது” என்றாள் சித்தி. “வழியில எத்தனை பேரு கை வைக்காங்கன்னு இன்னைக்குத்தான பார்த்தேன்!”